கெவின் ஷீல்ட்ஸின் கிதார் வாசிப்பு

கெவின் ஷீல்ட்ஸ் (பிறப்பு: மே 21, 1963) அயர்லாந்தில் வளர்ந்த கிதார் கலைஞர், பாடகர், இசைத் தயாரிப்பாளர். 'மை பிளடி வாலன்டைன்' என்னும் ராக் இசைக்குழுவின் மையமாக இருப்பவர். 1991 நவம்பரில் வெளிவந்த 'லவ்லெஸ்' இசைத்தொகுப்பு மின்கிதாரின் ஒலி பற்றி அதுவரை இருந்த எண்ணங்களை மாற்றியது. எண்ணற்ற பெடல்களையும் கிதார் பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உண்டாக்கிய ஒலி அது என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் அந்த ஒலியின் வேர் ஷீல்ட்ஸின் வலது கையில் இருக்கிறது.

பின்னணி

ஷீல்ட்ஸ் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் அயர்லாந்தைச் சேர்ந்த பெற்றோருக்குப் பிறந்தார். பத்து வயதில் குடும்பம் டப்ளினுக்குத் திரும்பியது. அங்கே ஒரு கராத்தே போட்டியில் டிரம்ஸ் கலைஞர் கோல்ம் ஓ கீசோக்கைச் சந்தித்தார். இருவரும் 1983-ல் மை பிளடி வாலன்டைன் குழுவைத் தொடங்கினர். பின்னர் டெபி கூஜ் பேஸ் கிதார் வாசிக்கவும், பிலிண்டா புட்சர் பாடவும் கிதார் வாசிக்கவும் சேர்ந்தனர். குழுவின் தொடக்ககாலப் பதிவுகள் பத்தோடு பதினொன்று என்னும் தரத்தைத் தாண்டாதவை. அவற்றை மட்டும் கேட்ட ஒருவர் பின்னால் வரப்போவதை ஊகித்திருக்க முடியாது.

மாற்றம் 1988-ல் நிகழ்ந்தது. அதற்குக் காரணம் இரவலாக வாங்கிய ஒரு கிதார்.

கைப்பிடியும் கையும்

அந்தக் கிதார் ஃபெண்டர் நிறுவனத்தின் 'ஜாஸ்மாஸ்டர்'. ஜாஸ் கலைஞர்களை மனத்தில் கொண்டு 1958-ல் அறிமுகமானது. ஜாஸ் கலைஞர்கள் அதை ஏற்கவில்லை. கலிபோர்னியாவின் சர்ஃப் இசைக்குழுக்கள் எடுத்துக்கொண்டன. 1980-ல் தயாரிப்பு நின்றது. அதன்பின் பழைய ஜாஸ்மாஸ்டர்கள் கையில் பணமில்லாத இளைஞர்களுக்கும் கிடைக்கக்கூடியவையாக இருந்தன.

இக்கிதாரின் உடலில் ஓர் உலோகக் கைப்பிடி உண்டு. அதை அழுத்தினால் தந்திகள் தளர்ந்து சுருதி இறங்கும். விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். ஃபெண்டர் இதற்கு 'ட்ரெமோலோ' என்று பெயரிட்டது. இசை இலக்கணப்படி ட்ரெமோலோ என்பது ஓசையின் அளவு கூடிக் குறைவது. சுருதி ஏறி இறங்குவதற்கு 'வைப்ராட்டோ' என்று பெயர். தவறான பெயரே நிலைத்துவிட்டது.

மற்ற கலைஞர்கள் ஒரு ஸ்வரத்தை மீட்டியபின் அதன் முடிவில் கைப்பிடியை அசைத்து ஒரு நடுக்கம் கொடுப்பார்கள். எழுதி முடித்தபின் கையெழுத்தின்கீழ் கோடு இழுப்பதுபோல அது ஓர் அலங்காரம். ஷீல்ட்ஸ் கைப்பிடியைக் கைக்குள் பிடித்துக்கொண்டே எல்லாத் தந்திகளையும் மீட்டினார். கைப்பிடி வழக்கத்தைவிட உயரமாகவும் தளர்வாகவும் இருக்குமாறு நாடா ஒட்டி அமைத்துக்கொண்டார். கை மேலும் கீழும் போகும்போது கைப்பிடியும் கூடவே அசைகிறது. இதனால் மீட்டும் ஒவ்வொரு முறையும் சுருதி சற்று நழுவுகிறது. பாடல் முழுவதும் எந்த ஸ்வரமும் ஓரிடத்தில் உட்காருவதில்லை.

வீணையில் கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு ஸ்வரம் அசைவது புதிதல்ல. ஆனால் வீணையில் விரல் தந்தியை இழுத்து, ஸ்வரம் எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஷீல்ட்ஸின் முறையில் ஆறு தந்திகளும் ஒரே அசைவில் நெகிழ்கின்றன. அவற்றின் தடிமனும் இழுவிசையும் வேறுவேறு. ஆகவே ஒவ்வொரு தந்தியும் வேறு அளவில் சுருதி மாறுகிறது. 'கார்டு' எனப்படும் ஸ்வரக்கூட்டு தனக்குள்ளேயே இணைந்தும் பிசகியும் நகர்கிறது. இதற்கு ஏற்ப ஷீல்ட்ஸ் தந்திகளை வழக்கத்துக்கு மாறான சுருதிகளில் கூட்டிக்கொள்வதும் உண்டு. ஏறக்குறைய ஒரே சுருதியிலுள்ள இரு தந்திகள் சேர்ந்து ஒலிக்கும்போது ஓசை எழுந்து அடங்குவதைப் பள்ளி இயற்பியல் பாடத்தில் 'விம்மல்' என்பார்கள். லவ்லெஸ் தொகுப்பின் கிதாரைக் குறிக்க இதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இல்லை.

தலைகீழ் ரிவர்ப்

கைக்கு அடுத்ததாக உள்ளது ஒரே ஒரு மின்கருவி. கல்மண்டபத்தில் கைதட்டினால் ஓசை பெரிதாகத் தொடங்கிப் படிப்படியாகத் தேயும். ஒலிப்பதிவில் இதைச் செயற்கையாக உண்டாக்குவது 'ரிவர்ப்'. 1980-களின் நடுப்பகுதியில் யமஹா நிறுவனம் வெளியிட்ட 'எஸ்பிஎக்ஸ் 90' என்ற கருவியில் இதைத் தலைகீழாக்கும் அமைப்பு இருந்தது. அதில் ஓசை சிறிதாகத் தொடங்கி வளர்ந்து, உச்சத்தில் சட்டென்று அறுபடும். பலரும் மூல ஒலியோடு இதைச் சிறிதளவு கலந்து பயன்படுத்தினர். ஷீல்ட்ஸ் மூல ஒலியை முற்றிலும் நீக்கிவிட்டு, தலைகீழ் ரிவர்ப்பை மட்டுமே வெளியே விட்டார். கிதாரின் டோன் குமிழையும் குறைத்து வைத்தார்.

இதன் விளைவு எளிது, ஆனால் ஆழமானது. தந்தியில் மீட்டுவில்லை படும் 'டக்' என்ற ஓசை மறைந்தது. கிதாரைக் கிதார் என்று காது அறிவது அந்தத் தொடக்க ஓசையால்தான். அது போனபின் எஞ்சுவது எங்கிருந்து தொடங்குகிறது என்று சொல்ல முடியாத ஒரு பெருக்கு. 'டு ஹியர் நோஸ் வென்' பாடலை முதன்முறை கேட்பவருக்கு ஒலிநாடா பழுதாகிவிட்டதோ என்ற ஐயம் வரும். இரண்டாம் முறை அந்தப் பெருக்குக்குள் ஒரு தாலாட்டின் மெட்டு தெரியும்.

அக்காலத்தில் இத்தகைய மிதக்கும் ஒலிக்குப் பெயர்பெற்றவர் 'காக்டோ ட்வின்ஸ்' குழுவின் ராபின் கத்ரி. அவர் கோரஸ், டிலே போன்ற விளைவுகளால் ஒலியைப் பளபளக்கச் செய்தார். லவ்லெஸ் தொகுப்பின் கிதாரில் கோரஸும் இல்லை, பிளாஞ்சரும் இல்லை. இடம், வலம் என்று பரப்பாமல் கிதாரைப் பெரும்பாலும் நடுவிலேயே வைத்தனர். அதில் கிதார் பதிவுகள் மற்றவர்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு என்று ஷீல்ட்ஸ் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். உண்மையில் அடுக்குகள் இருப்பது குரலில். ஒரே வரியைப் பத்துப் பன்னிரண்டு முறை பாடிப் பதிவு செய்து எல்லாவற்றையும் ஒன்றாக ஒலிக்கவிட்டனர்.

பெடல் மயக்கம்

1990-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இசை இதழ்கள் இவ்வகைக் குழுக்களுக்கு 'ஷூகேஸ்' என்று பெயரிட்டன. மேடையில் காலடியிலுள்ள பெடல்களைப் பார்த்துக்கொண்டே நிற்பதால் 'காலணியைப் பார்ப்பவர்கள்' என்ற கேலி. பெயர் கேலியாகப் பிறந்தாலும் கேட்பவர்களின் கவனத்தையும் காலடிக்கே திருப்பிவிட்டது. கையை யாரும் பார்க்கவில்லை.

இதற்கு ஷீல்ட்ஸும் ஒரு காரணம். ஒலிக்கூடத்தில் ஒரு பாடலுக்கு ஒரு ஒலிபெருக்கி, ஓர் அமைப்பு என்று பொறுமையாகப் பதிவு செய்ய முடிந்தது. மேடையில் அத்தனை ஒலிகளும் அடுத்தடுத்து வேண்டும். அதற்காக அவர் முன்னால் பல டஜன் பெடல்கள் பரப்பப்பட்டன. அந்தப் படங்களைக் கண்டவர்கள் அதுவே ரகசியம் என்று முடிவு செய்தனர். 2022-ல் ஃபெண்டர் 'ஷீல்ட்ஸ் பிளெண்டர்' என்ற பெடலையே வெளியிட்டது. ஜாஸ்மாஸ்டரையும் பெடலையும் வாங்கி, கைப்பிடியைத் தொடாமலே மீட்டி, லவ்லெஸ் ஒலி வரவில்லையே என்று வருந்துவோர் உலகெங்கும் உண்டு.

குறைகள்

இம்முறைக்கு விலையும் இருந்தது. லவ்லெஸ் பதிவு இரண்டு ஆண்டுகளுக்கு மேல், 19 ஒலிக்கூடங்களில் நடந்தது. செலவு 2,50,000 பவுண்டு என்று பேசப்பட்டது. ஷீல்ட்ஸ் அத்தொகையை மறுத்திருக்கிறார். வெளியிட்ட கிரியேஷன் நிறுவனம் அதன்பின் குழுவைக் கைவிட்டது. அடுத்த தொகுப்பான 'எம் பி வி' வருவதற்கு 2013 ஆகிவிட்டது.

இசையிலும் குறை உண்டு. லவ்லெஸ் பதிவின்போது கோல்ம் ஓ கீசோக் உடல்நலம் குன்றியிருந்ததால், பெரும்பாலான டிரம்ஸ் துண்டுகளாகப் பதிவு செய்து கோக்கப்பட்டவை. கிதார் ஓயாமல் நெகிழும்போது தாளம் இயந்திரம்போல் நிற்கிறது. பாடல் வரிகள் பல இடங்களில் காதில் விழுவதே இல்லை. வரிகளுக்கு மதிப்பளிப்பவர்களுக்கு இது சிறிய குறையன்று.

மேடை ஓசை இன்னும் பெரிய சிக்கல். 'யூ மேட் மீ ரியலைஸ்' பாடலின் நடுவே ஒரே ஸ்வரக்கூட்டைக் காது தாங்காத ஓசையில் பல நிமிடங்கள் நீட்டுவது குழுவின் வழக்கம். அரங்க வாசலில் காதடைப்பான்கள் வழங்கப்பட்டதுண்டு. பதிவுக் காலத்திலேயே ஷீல்ட்ஸும் புட்சரும் காதிரைச்சலால் அவதிப்பட்டு வேலை சில வாரம் தடைபட்டது. இந்தப் பேரோசையைத் துணிச்சல் என்று புகழும் விமர்சகர்கள் உள்ளனர். ஆனால் லவ்லெஸ் தாழ்ந்த ஓசையில் கேட்டாலும் பெரிதாகவே ஒலிக்கும் தொகுப்பு. மணிக்கட்டின் சிறு அசைவை நம்பி எழுந்த ஓர் இசையை, அந்த அசைவே கேட்காத அளவுக்குச் சத்தமாக நிகழ்த்துவது அதன் பலத்தைத் தானே கைவிடுவதாகும்.

ஷீல்ட்ஸின் வாசிப்பைப் புதிதாகக் கேட்பவர்கள் 'சம்டைம்ஸ்' பாடலில் தொடங்கலாம். லவ்லெஸில் உள்ள இப்பாடல் 2003-ல் வெளியான 'லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்' திரைப்படத்திலும் இடம்பெற்றது. அப்படத்துக்காக ஷீல்ட்ஸ் தனியாகவும் இசையமைத்துள்ளார். டிரம்ஸின் ஆதிக்கம் இல்லாத அப்பாடலில், கை மேலேறிக் கீழிறங்கும் ஒவ்வொரு முறையும் சுருதி சாய்ந்து நிமிர்வதைத் தனித்துக் கேட்க முடியும்.