மூழ்கிய நாட்டின் குற்றவாளி யார்?

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையில் போர்த் என்றொரு சிற்றூர் உண்டு. மீனவரும் மாலுமிகளும் வாழ்ந்த இவ்வூர், 1863இல் இருப்புப்பாதை வந்தபின் கோடைக்கால உல்லாசத் தலமாயிற்று. கடல் உள்வாங்கும் வேளையில் இதன் மணற்பரப்பில் ஓக், பைன் மரங்களின் அடிக்கட்டைகள் தலைகாட்டும். ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் உயர்ந்தமையால் மடிந்த காடு அது.

இக்கரையில் வழங்கும் கதையோ வேறு. குவித்னோ மன்னனின் செழுநிலம் ஒரே இரவில் கடலுக்குள் மறைந்ததாம். சுமார் 1250இல் எழுதப்பெற்ற கார்மார்த்தன் கருஞ்சுவடியிலுள்ள பழம்பாடல், மெரெரித் என்னும் பெண்ணின் மேல் சாபம் சுமத்துகிறது. பிற்காலத்தார் பழியை மதகுக் காவலன் செய்தெனின் மீது மாற்றி, அவனைக் குடிகாரனாக்கினர். பெயர் மாறியதேயன்றி, ஒருவர் தலையில் பழியைக் கட்டும் வழக்கம் மாறவில்லை. இதுவே இக்கதையின் குறை.

அக்குறையைக் களைந்தவர், 1829இல் 'எல்ஃபினின் இன்னல்கள்' என்னும் புதினத்தை எழுதிய ஆங்கிலேயர் தாமஸ் லவ் பீக்காக். அவருடைய செய்தெனினும் குடிகாரனே. ஆயினும், கடற்சுவர் உளுத்திருக்கிறது என்று எச்சரித்தவர்களிடம், பழைமையான ஒன்றைத் திருத்தப் புகுவதே கேடு என்று வாதாடுகிறான். அரசியல் சீர்திருத்தத்தை எதிர்த்த அக்கால ஆங்கிலத் தலைவர்களை அங்கதம் செய்த பகுதி இது. குடி இங்கே வெறும் வேடிக்கை. எச்சரிக்கையைச் செவிமடுக்காத ஆணவமே குற்றம். பழங்கதை நாட்டு இலக்கியமாக உயர்ந்த இடம் இதுவென்பேன்.

இன்று இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. போர்த்துக்கு வடக்கே ஃபேர்போர்ன் என்னும் மற்றோர் உல்லாசச் சிற்றூர் இருக்கிறது. ஏறிவரும் கடலிலிருந்து அவ்வூரை என்றென்றும் காத்தல் இயலாது என்றும், 2054ஐ ஒட்டி மக்கள் வெளியேற நேரலாம் என்றும் 2010களில் அறிவிக்கப்பட்டது. அதன்பின் அங்கே வீடு வாங்குவோர் அருகினர். அவ்வூராரில் எவர் மெரெரித், எவர் செய்தெனின்? புவி சூடேறுதலுக்குத் தனியொருவர் பொறுப்பல்லர். எச்சரிக்கை கேட்டும் வாளாவிருந்தோர் பலர்.

ஆகவே, பழியைத் தேடும் பாடலைவிட, உளுத்த சுவரைக் காட்டும் புதினமே நமக்கு வேண்டுவது. கடல் எவரையும் விசாரித்துவிட்டு வருவதில்லை; சுவர் கட்டியவரும் காவாதவரும்தாம் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.