தோளுக்குப் பின்னால் தெரியும் வளாகம்

1858-இல் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் திருச்சி மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் படமெடுத்தபோது அவை என்றோ எழுந்து நிலைபெற்றவை. துவாக்குடிப் பக்கம் 1964-இல் தொடங்கிய மண்டலப் பொறியியல் கல்லூரி (2003 முதல் என்.ஐ.டி.) போன்ற புது வளாகத்துக்கு அந்தக் கண் போதாது, மாணவர் கேமராதான் வேண்டும். தோளில் கைபோட்ட கூட்டாளிப் படத்தில் என்ன ஆவணம் என்று கேட்கலாம். முகத்துக்காக எடுத்ததுதான், அதனாலேயே முதுகுக்குப் பின்னால் இருப்பதை யாரும் ஒழுங்குபடுத்துவதில்லை. பூசாத செங்கல் சுவரோ, முள்கூண்டுக்குள் முழங்கால் உயர வேப்பங்கன்றோ, கொடியில் காயும் லுங்கியோ தானாக வந்து விழும். திறப்புவிழாப் படத்தில் லுங்கிக்கு இடமேது! அரியர் வைத்தவனின் முகவாட்டம் இதில் சிக்காது, உண்மைதான். அன்றைய 120 ஃபிலிம் சுருளில் சதுரப் படம் பன்னிரண்டே. அதைச் சோகத்துக்குச் செலவழிக்க யாருக்கு மனம் வரும்?