காஸ்டர்பிரிட்ஜ் சந்தை: வாய்ச்சொல்லும் கணக்கேடும்

தாமஸ் ஹார்டியின் நாவல்களைத் திணைக்கோட்பாட்டின்வழி அணுகும்போது நம் கவனம் இயல்பாகவே மேடு, கரம்பு, பால்பண்ணை முதலிய நிலக்காட்சிகளில் நிலைத்துவிடுகிறது. சந்தையோ கருப்பொருள் பட்டியலில் ஓர் உருப்படியாகச் சுருங்கிவிடுகிறது. 1886இல் வெளிவந்த ‘தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்’ இத்தகைய வாசிப்புக்கு இடங்கொடாத நாவலாகும். மாந்தர்தம் அறத்தையும் வீழ்ச்சியையும் இங்குச் சந்தையே உருவாக்குகிறது.

காஸ்டர்பிரிட்ஜ் என்பது இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்து டார்செஸ்டர் நகரின் புனைவு வடிவம். வயல்கள் நகரின் விளிம்புவரை வந்து நிற்கும். சனிக்கிழமைச் சந்தையில் உழவர்கள் வாயால் மட்டும் பேசுவதில்லை. முகம், தோள், தொப்பி, கைத்தடி அனைத்தும் பேசுகின்றன. துண்டின் மறைவில் விரல்பற்றி விலைபேசும் தமிழகத்து மாட்டுச் சந்தையை அறிந்தோர்க்கு இது புதிதன்று. ஆனால் அங்கு உடல்மொழி விலையை மறைக்கிறது. ஹார்டியிடம் அது மனத்தை வெளிப்படுத்துகிறது.

தானிய வணிகன் மைக்கேல் ஹென்சார்ட் இச்சந்தையின் மனிதன். அவன் வாணிகம் வாய்ச்சொல்லாலும் நினைவாலும் நடப்பது. ஸ்காட்லாந்திலிருந்து வரும் ஃபார்ஃப்ரே கணக்கேட்டையும் விதைப்பு இயந்திரத்தையும் கொண்டுவருகிறான். பழைய நம்பிக்கை உலகம் புதிய கணக்கு உலகிடம் தோற்றது என்று இதனை விளக்குவது எளிது. அவ்விளக்கம் நாவலின் முதல் இயலையே மறந்துவிடுகிறது என்பது என் கருத்து.

வெய்டன் பிரையர்ஸ் சந்தையில், ரம் கலந்த கஞ்சியின் போதையில், ஹென்சார்ட் தன் மனைவி சூசனை மகளோடு ஐந்து கினிக்கு ஒரு மாலுமியிடம் விற்கிறான். அது வாரச்சந்தையன்று, ஆண்டுச் சந்தை. எனினும் வழக்கம் ஒன்றே. சாட்சியர் முன்னிலையில் சொன்ன சொல்லும் மேசைமேல் வைத்த பணமும் அவ்விற்பனையை முடிக்கின்றன. ஏமாற்றம் எதுவுமில்லை, சொன்ன சொல் காக்கப்படுகிறது. கொடுமை அதில்தான் இருக்கிறது. நாம் ஏங்கும் அந்த வாய்ச்சொல் நாணயம் ஒரு பெண்ணையும் விலைப்பொருளாக்க வல்லது. பல்லாண்டுகளுக்குப்பின் சூசன் திரும்பியதும் ஹென்சார்ட் அவளுக்கு அனுப்பும் தொகையும் சரியாக ஐந்து கினியே. அவளைத் திரும்ப வாங்கிக்கொண்டதாக அதற்குப் பொருள் கொள்ளலாம் என ஹார்டியே குறிப்புணர்த்துகிறார். கழிவிரக்கத்தையும் சந்தைவிலையிலன்றிச் சொல்ல ஹென்சார்ட்டுக்கு வேறு மொழியில்லை.

அவன் பொருளியல் வீழ்ச்சிக்கும் சந்தையே களம். 1846இல் தானியச் சட்டங்கள் நீக்கப்படுவதற்கு முற்பட்ட காலம் அது; உள்ளூர் விளைச்சலே விலையைத் தீர்மானித்தது. வானிலைக் குறிசொல்வோனை நம்பித் தானியத்தை உயர்விலைக்கு வாங்கிக் குவித்த ஹென்சார்ட், வெயில் தொடர்ந்ததும் பதறி மலிவாக விற்றுவிடுகிறான். பின்னரே மழை வருகிறது.

ஃபார்ஃப்ரேயின் கணக்கேட்டைப் பழிப்போர் ஏபல் விட்டிலின் சொல்லைக் கேட்கவேண்டும். தாமதமாக எழுந்த குற்றத்திற்காகக் காற்சட்டை அணியவும் விடாது ஹென்சார்ட்டால் வேலைக்கு விரட்டப்பட்டவன் அவன். புதிய முதலாளியிடம் வாரத்திற்கு ஒரு ஷில்லிங் குறைவு, வேலையும் மிகுதி; ஆயினும் அச்சமில்லாததால் தானே செல்வன் என்கிறான். அதே விட்டில்தான், தன் தாய்க்கு முன்பு ஹென்சார்ட் நிலக்கரி அனுப்பியதை நினைந்து, அவன் போகச் சொல்லியும் போகாமல் பின்தொடர்ந்து சென்று, பாழடைந்த குடிலொன்றில் அவன் இறக்கும்வரை உடனிருக்கிறான்.