தோழி இல்லாத பாலைத்திணை
துபாய்க் கத்துப் பாட்டை ரசிப்பது எப்படி?

வளைகுடாவில் மலையாளிகளோடு அறையைப் பகிர்ந்து வாழாத தமிழர்கள் குறைவு. அவர்கள் வைக்கும் மீன்கறி நமக்குப் பழகிவிட்டது. பாட்டை மட்டும் பாதி புரிந்து, பாதி புரியாமல் அப்படியே விட்டுவிடுகிறோம். அப்படி விடக்கூடாத ஒரு பாட்டு எஸ்.ஏ. ஜமீலின் 'துபாய்க் கத்து'. கத்து என்றால் மலையாளத்தில் கடிதம். நிலம்பூர்க்காரரான ஜமீல் 1970களில் தானே எழுதித் தானே பாடிய பாட்டு இது. ஊரிலிருக்கும் மனைவி வளைகுடாவிலிருக்கும் கணவனுக்கு எழுதும் கடிதம்தான் முழுப் பாட்டும்.

முதலில் ஜமீலின் சொந்தக் குரலில் கேளுங்கள். பின்னால் பலர் இதைப் பாடியிருக்கிறார்கள். மேடைக்கென்று வாத்தியங்களைக் கூட்டும்போது கடிதம் காணாமல் போய்விடுகிறது. மெட்டு பெரிதாக எங்கும் ஏறி இறங்காது. ஒருவர் வாசிக்க, இன்னொருவர் உட்கார்ந்து கேட்பதுபோல நகரும். சொற்களும் பேச்சு மலையாளம்தான், தமிழ்க் காதுக்கு முக்கால்வாசி பிடிபட்டுவிடும். மிச்சத்தை மலப்புரத்து நண்பர் எவரிடமாவது கேட்டுக்கொள்ளலாம், கூச்சப்பட்டாலும் சொல்லிவிடுவார்.

தொடக்கத்தைக் கவனியுங்கள். மரியாதை, ஸலாம், எல்லோரும் சுகம் என்று, 'நலம், நலமறிய ஆவல்' ரகத்துச் சம்பிரதாயம் முறையாக வருகிறது. அந்த 'சுகம்' என்ற சேதியைக் கடமைக்கு எழுதுவதுபோல அவள் எழுதுவதில்தான் முதல் கீறல் விழுகிறது. பிறகு சில ஆண்டுகளுக்கு முன் அவன் வந்துபோன எட்டுப் பத்து நாள்கள் நினைவுக்கு வருகின்றன. அதற்குப் பின் பிறந்து, ஓடி விளையாடும் வயதாகியும் வாப்பாவைப் பார்க்காத பிள்ளை வருகிறது. அதையும் தாண்டி, தன் இளமையையும் உடம்பின் ஏக்கத்தையும் பற்றி அவளே பேசத் தொடங்குகிறாள். நானும் பெண்தானே, மலக்கு (வானவர்) இல்லையே என்ற பொருளில் அவள் சொல்லும் இடத்தில் குரல் உயரவில்லை என்பதைக் கேளுங்கள். உயர்த்தியிருந்தால் வெறும் நாடகமாகியிருக்கும்.

நமக்கு இதை ரசிக்க ஒரு குறுக்குவழி உண்டு. பாலைத்திணையில் பொருள்வயிற் பிரிவு என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். பொருள் தேடிப் போனவனை எண்ணி வாடும் சங்கத் தலைவி பெரும்பாலும் தோழியிடம்தான் சொல்லி ஆறுவாள். இங்கே தோழி இல்லை. மாமியாரும் நாத்தனாரும் நிறைந்த வீடு. கடிதத்தைப் பல வீடுகளில் வேறொருவர்தான் எழுதித் தருவார், வந்ததையும் வேறொருவரே படித்துக் காட்டுவார். கணவனிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வழியில்லாதவர்களுக்குத்தான் இந்தப் பாட்டு வாய் கொடுத்தது. ஜமீல் மனநல ஆலோசகராகவும் இருந்தவர். தன்னிடம் வந்த பெண்கள் சொன்னதிலிருந்துதான் பாட்டு பிறந்தது என்பார்கள்.

வளைகுடாக்காரர்கள் ஊருக்கு வரும்போது கொண்டுவந்த டேப் ரெக்கார்டரில்தான் அந்தத் தலைமுறை இதைக் கேட்டது. குரலைப் பதிந்து கேசட்டையே கடிதமாக அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. பாட்டைக் கேட்டு வேலையை விட்டு ஊர் திரும்பியவர்கள் கதையும் உலவுகிறது.

கணவனின் பதிலையும் ஜமீலே எழுதினார். அபுதாபியில் தபால் பெட்டியைத் திறக்கும்போது கடிதம் கிடைப்பதில் அது தொடங்குகிறது. வீட்டு வாசலுக்குத் தபால்காரர் வராத ஊர், பெட்டி எண்தான் முகவரி என்பது வளைகுடாவில் இருப்பவர்களுக்குத் தெரியும். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள். இடையில் சில நாள் விடுங்கள். என் காதுக்குப் பதில் கொஞ்சம் மங்கல்தான். அவன் வருத்தம் உண்மையானது, ஆனால் அவள் கடிதத்திலிருந்த துணிச்சல் அதில் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண் குரலில் பேசுவது ஓர் ஆண். அவள் வழி தவறிவிடுவாளோ என்ற ஆண் பயம் சில இடங்களில் எட்டிப்பார்க்கிறது. அதையும் சேர்த்தே கேளுங்கள்.

ஜமீல் வெறுங்கையோடு தொடங்கவில்லை. கத்துப் பாட்டு, கேரள முஸ்லிம்களின் மாப்பிளப் பாட்டில் ஒரு பழைய வகை. 1921 மலபார் கிளர்ச்சிக்குப் பின் பெல்லாரிச் சிறையில் கிடந்த கணவனுக்கு மனைவி எழுதுவதாகப் புலிக்கோட்டில் ஹைதர் பாடிய 'மரியக்குட்டியின் கத்து' அதில் புகழ்பெற்றது. சிறைக்கு எழுதிய கடிதத்தின் அச்சில்தான் துபாய்க்கான கடிதமும் வார்க்கப்பட்டது என்று தெரிந்தபின் கேட்டால் பாட்டு இன்னும் கனக்கும்.

இதெல்லாம் வீடியோ கால் வராத காலத்துக் கதை என்று சிலர் சொல்வார்கள். ஆனால் பிரிவு இன்னும் தீரவில்லை. அமீரகத்தில் குடும்பத்தை அழைத்துவர மாதம் 4000 திர்ஹம், அல்லது தங்குமிடத்தோடு 3000 திர்ஹம் சம்பளம் வேண்டும். அதற்குக் கீழே வாங்குபவர்கள் எந்த லேபர் கேம்பிலும் இருக்கிறார்கள்.

ருசி பிடித்துவிட்டால் அடுத்து மாப்பிளப் பாட்டுக் கவிஞர் மோயின்குட்டி வைத்தியரிடம் (1852–1892) போங்கள். அரபி எழுத்தில் மலையாளத்தை எழுதும் அரபி மலையாளத்தில் எழுதியவர், கொஞ்சம் கடினம். ஆனால் கம்பி, கழுத்து, வால்கம்பி, வாலின்மேல் கம்பி என்று அந்தப் பாட்டுக்காரர்கள் சொல்வதெல்லாம் ஏறக்குறைய நம் மோனை, எதுகை, இயைபு, அந்தாதிதான். அர்வி எனும் அரபுத் தமிழை அறிந்த காயல்பட்டினத்துக்காரர்களுக்கு நம்மைவிட எளிதாகவே பிடிபடும். வைத்தியரின் ஊரான கொண்டோட்டியில் அவர் பெயரில் மாப்பிளக் கலை அகாதமி இருக்கிறது. கோழிக்கோடு விமானத்தில் ஊருக்குப் போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கலாம். விமான நிலையம் அந்த ஊர் எல்லையில்தான்.