விற்பனைத் தடையால் காடு பிழைக்குமா?

காலையில் நாம் குடிக்கும் காப்பி, குழந்தை சுவைக்கும் சாக்லேட், சைக்கிளின் ரப்பர் டயர், சோப்பில் கலக்கும் பாமாயில் ஆகியவற்றுக்கும் எங்கோ வெட்டுண்ட காட்டுக்கும் என்ன தொடர்பு? நாம் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. மரத்துக்காகக் காட்டை வெட்டுவது ஒரு பகுதிதான். பயிருக்கும் மேய்ச்சலுக்கும் நிலம் தேடிச் செய்யும் அழிவே பெரும்பகுதி. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனத்தின் கணக்குப்படி, 1990 முதல் 2020 வரை உலகம் சுமார் 42 கோடி ஹெக்டேர் காட்டை இழந்தது. இது இந்தியாவின் மொத்தப் பரப்பைவிட அதிகம்.

இதைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. மாடு, கோகோ, காப்பி, எண்ணெய்ப்பனை, ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழும், அவற்றிலிருந்து கிடைக்கும் பல பொருள்களும் இதில் அடங்கும். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்த பொருளை அங்கு விற்கக்கூடாது என்பது இதன் சாரம். விளைந்த நிலத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் வியாபாரி தெரிவிக்க வேண்டும்.

பொய் சொன்னால் எப்படித் தெரியும்? பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. செயற்கைக்கோள் இவ்விரண்டையும் அளந்து காட்டையும் வெற்று நிலத்தையும் பிரித்தறிகிறது. அன்றைய படத்தையும் இன்றைய படத்தையும் ஒப்பிட்டால் வெட்டப்பட்ட இடம் தெரிந்துவிடும்.

நோக்கம் போற்றத்தக்கது. ஆயினும், ஒரு சட்டத்தை அதன் நோக்கத்தைக் கொண்டு மட்டும் எடைபோடக்கூடாது. அதன் பயனையும் பார்க்க வேண்டும்.

பிரேசில் தரும் பாடம்

சந்தை கதவை அடைத்தால் கோடரி நிற்குமா? நிற்கும் என்பதற்குச் சான்று உண்டு. புதிதாகக் காடழித்த அமேசான் நிலத்தில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று பெரிய வணிக நிறுவனங்கள் 2006ஆம் ஆண்டில் உடன்பாடு செய்துகொண்டன. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில், அமேசான் பகுதியில் சோயா பரவிய நிலத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு காட்டை அழித்துப் பெற்றது. 2014ஆம் ஆண்டளவில் அது சுமார் 1 விழுக்காடாகக் குறைந்தது என 2015இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. அரசின் கண்காணிப்பும் தண்டனையும் இதற்குத் துணைநின்றன என்பதையும் மறக்கலாகாது.

ஆனால் அதே ஆய்வு மற்றொன்றையும் காட்டியது. அமேசானுக்கு அடுத்துள்ள செராடோ என்னும் புல்வெளியும் குறுமரங்களும் கலந்த நிலம் அந்த உடன்பாட்டில் இல்லை. அங்கே இயற்கைத் தாவரங்களை அழித்துச் சோயா பரவுவது தொடர்ந்தது. மேலும், இத்தகைய உடன்பாடு விரும்பிச் செய்துகொள்வதே, கட்டாயம் அன்று. 2025இல் பிரேசிலின் வணிகப் போட்டிக் கண்காணிப்பு அமைப்பே அதை நிறுத்திவைக்குமாறு உத்தரவிட்டது. ஆகவே சட்டம் தேவை என்போரின் வாதத்தில் வலு இருக்கிறது.

குறைகள் எவை?

முதற் குறை, காடு என்ற சொல்லின் பொருள். அரை ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு, 5 மீட்டருக்கு மேல் வளரும் மரங்கள், 10 விழுக்காட்டுக்கு மேல் இலைக்கூரை ஆகியவை இருந்தால்தான் சட்டம் அதைக் காடு என்று ஏற்கும். செராடோவின் பெரும்பகுதி இந்த அளவுகோலுக்குள் வராது. பல பெரிய ஆறுகள் பிறக்கும் நிலம் அது. ஆழ்ந்த வேர்களில் ஏராளமான கரியைச் சேமிக்கும் நிலமும்கூட. சென்ற முறை நழுவிய அதே நிலம் இம்முறையும் நழுவியிருக்கிறது!

இரண்டாம் குறை, மற்ற சந்தைகள். பிரேசில் ஏற்றுமதி செய்யும் சோயாவின் பெரும்பகுதி சீனாவுக்குப் போகிறது. ஐரோப்பா மறுக்கும் மூட்டை வேறு துறைமுகம் சென்றால், தட்டு தூய்மையாகும், காடு தூய்மையாகாது.

மூன்றாம் குறையே மிகக் கவலை தருவது. நான்கு ஹெக்டேருக்கு உட்பட்ட நிலத்துக்கு ஒரே ஒரு புள்ளியைக் குறித்தால் போதும் என்ற சலுகை உண்டு. ஆனால் வியாபாரி என்ன செய்வார்? ஆயிரம் சிறு விவசாயிகளின் நிலத்தைச் சரிபார்ப்பதைவிட, ஒரே பெருந்தோட்டத்தில் வாங்குவது அவருக்கு எளிது. ஒரு மரமும் வெட்டாதவர், பத்திரம் காட்ட இயலாததால் சந்தையை இழப்பார். நம் குடகுக் காப்பி மரநிழலில் வளர்கிறது. அதில் கணிசமான பங்கு ஐரோப்பாவுக்குச் செல்கிறது. சட்டம் அத்தோட்டத்தைக் காடு என்று சொல்லவில்லை. ஆனால் மேலிருந்து எடுத்த படத்தில் அது காடாகவே தோன்றலாம். முதிர்ந்த நிழல்மரம் ஒன்றை வெட்டியவர் காட்டை அழித்தவர் என்ற பழிக்கு ஆளாகவும் கூடும். கருவி காட்டுவதை நேரில் சென்று சரிபார்க்கும் மனிதக் கண்ணும் தேவை.

நான்காவது, தாமதம். 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வரவிருந்த சட்டம் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. 2025 டிசம்பரில் மீண்டும் தள்ளிவைக்கப்பட்டு, பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30 என நாள் குறிக்கப்பட்டது. முன்கூட்டியே பணம் செலவிட்டு ஆயத்தம் செய்தவர் ஏமாந்தார், செய்யாதவர் தப்பினார். இது நல்ல முன்மாதிரி ஆகுமா?

இக்குறைகளுக்காகச் சட்டத்தையே கைவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. வாங்குபவனுக்கும் காட்டின் அழிவில் பங்கு உண்டு என்று ஒரு பெரிய சந்தை ஒப்புக்கொண்டது சிறிய செய்தியன்று. வேண்டுவது மூன்று திருத்தங்கள். செராடோ போன்ற நிலங்களைச் சேர்க்க வேண்டும். நில அளவைக்கு ஆகும் செலவைச் சிறு விவசாயியின் தலையில் சுமத்தாமல் வாங்கும் நிறுவனம் ஏற்க வேண்டும். மற்றப் பெரிய சந்தைகளும் இதே விதியை ஏற்குமாறு பேச வேண்டும். இவை நடந்தால்தான் தடையால் காடு பிழைக்கும். இல்லையேல், பிழைப்பது ஐரோப்பியரின் மனச்சாட்சி மட்டுமே.