பீலி மொழியை அளந்த நூல்

'பீலி' என்றதும் நமக்கு மயிலிறகு நினைவுக்கு வரும். அது ஒரு மொழியின் பெயருமாகும். ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களின் மலைப்பகுதிகளில் வாழும் பீல் பழங்குடியினரின் மொழி அது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பீலி என்ற தலைப்பின்கீழ்ப் பதிவானோர் ஏறத்தாழ 1 கோடியே 4 இலட்சம் பேர்.

இம்மொழியை ஆராய்ந்த பழைய நூல்களுள் முக்கியமானது, ஜார்ஜ் கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்காய்வு வரிசையில் 1907இல் வெளிவந்த பீல் மொழிகள் பற்றிய தொகுதி. அதன் நிறைகுறைகளைப் பார்ப்போம்.

முதலில் நிறை. 'பீல்' என்ற பெயர் 'வில்' என்னும் திராவிடச் சொல்லிலிருந்து வந்தது என்று கருதுவோர் உண்டு. வில்லுக்குப் பேர்போன மக்களுக்கு அது பொருத்தமாகவே தோன்றும். ஆனால், பெயரை வைத்து ஒரு மொழியின் குடும்பத்தை முடிவு செய்யலாமா? கூடாது. இத்தொகுதி இலக்கணத்தை ஒப்பிட்டது. பீலி இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது, குஜராத்திக்கும் ராஜஸ்தானிக்கும் நெருங்கியது என்று காட்டியது. ஏழு என்பதைக் குறிக்கும் குஜராத்திச் சொல் 'ஸாத்'. பீலியில் அது 'ஹாத்'. ஸகரம் இவ்வாறு பல சொற்களில் ஒரே ஒழுங்கில் ஹகரமாவது மொழி உறவை ஆராய்வோருக்குப் பயன்படும் தடயம்.

இனிக் குறை. எல்லா மொழிகளையும் ஒரே அளவுகோலால் ஒப்பிட, பைபிளில் வரும் ஊதாரி மகன் கதையை அந்தந்த மொழியில் பெயர்த்து அனுப்புமாறு கேட்டார்கள். அத்துடன் உள்ளூர்ப் பேச்சுப் பகுதி ஒன்றும் சொற்பட்டியலும் கேட்டார்கள். இவை பெரும்பாலும் அரசு அலுவலர்கள் வழியே வந்தவை. ஒப்பிடுவதற்கு இம்முறை ஏற்றதே. ஆனால் காடு, வேட்டை, சடங்கு ஆகியவற்றைச் சார்ந்த சொல்வளம் இந்த வலையில் சிக்குவது அரிது. பின்னாளில் பகவான்தாஸ் படேல் வட குஜராத்தின் டுங்கரி பீல் பாடகர்களிடம் நேரில் சென்று, அவர்கள் பாடும் பாரதத்தை ஒலிநாடாவில் பதிவு செய்தார். வாசுகி நாகம் அருச்சுனனையே அவமானப்படுத்தும் கதை அதில் வருகிறது! சில பக்க மாதிரிகளைக் கொண்டு இவ்வளவு பெரிய இலக்கியத்தை எப்படி ஊகிக்க முடியும்?

'இரு மொழிகளுக்கு இடைப்பட்டது' என்பது அறிவியல் விளக்கம். அதையே 'கொச்சை' என்று புரிந்துகொள்வது தவறு. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இன்று 22 மொழிகள் உள்ளன. ஏறத்தாழ 15 இலட்சம் பேர் பேசும் போடோ 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இடம்பெற்றது, அது நியாயமே. பீலிக்கோ இன்னும் இடமில்லை. வீட்டில் பீலி பேசும் குழந்தை பள்ளியில் வேறொரு மொழியில் எழுத்தறியத் தொடங்கும்போது, அதன் சுமை அக்குழந்தை மீதே விழுகிறது.

மாணவர்களே, கிரியர்சனின் தொகுதியைப் படியுங்கள். அதன் ஒப்பீட்டு முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு மொழியின் முழு வளத்தை அறிய, அதைப் பேசுவோரிடமே செல்ல வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.