உப்புக்காற்றும் லப்டொப் திரையும்: எதை வாங்கலாம், எதை விடலாம்

திருகோணமலையில் கொம்பியூட்டர் திரையைத் துடைக்கப் போகிறவர் முதலில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்க்கவேண்டும். வாடைக்காலத்தில் கடலிலிருந்து உப்பு வரும். கச்சான் காலத்தில் தரையிலிருந்து புழுதி வரும். கடைகளில் கிடைக்கும் ‘ஸ்கிரீன் கிளீனர்’ பெட்டியின் பின்பக்கத்தில் இதைப்பற்றி ஒரு வரியும் கிடையாது. உட்துறைமுகத்தைப் பார்த்த யன்னல் எந்நேரமும் திறந்திருக்கும் ஓர் அறையில் அந்தப் பெட்டியையும், அதற்கு மாற்றாக ஊரில் கிடைக்கும் சில பொருட்களையும் பாவித்துப் பார்த்தேன்.

உப்பு ஒரு விசித்திரமான அழுக்கு. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து பிசுபிசுக்கும். காற்று உலர்ந்தால் திரும்பவும் பளிங்காகும். மார்கழி மாதத்தில் லப்டொப்பை அணைத்துவிட்டுத் திரையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். சாம்பல் பூத்ததுபோல ஒரு மங்கல் தெரியும். அதன் நடுவே வரிசை வரிசையாகச் சின்னச் சதுரங்கள்: மூடிவைத்தபோது விசைகளில் இருந்த விரல் எண்ணெய் திரையில் ஒட்டிய அச்சு. உலர்ந்த துணியால் தேய்த்தால் இந்த இரண்டும் போகா, இழுபட்டுப் பரவும். ஈரம் வேண்டும்.

கச்சான் புழுதிக்கு இது நேர்மாறு. மணலிலுள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. புல்மோட்டைக் கரையில் அள்ளும் கனிய மணலிலுள்ள சேர்க்கன் 7.5. சாதாரண கண்ணாடி ஏறக்குறைய 5.5தான். வெளிச்சம் தெறிக்காத மங்கல் திரைகளின் மேற்பரப்போ பெரும்பாலும் கண்ணாடிகூட இல்லை, பிளாஸ்ரிக் படலம். துணியை எடுத்தவுடனேயே அழுத்தித் தேய்த்தால் கீறல் நிச்சயம். பெட்டிக்குள் கிடைத்தவற்றில் உருப்படியானது, புழுதியைத் தட்டிவிடும் சின்னத் தூரிகை ஒன்றுதான். மிருதுவான புதுப் பெயின்ற் பிரஷ் இருந்தால் அதுவும் வேண்டியதில்லை.

பெட்டியிலுள்ள நீல நிற ஸ்ப்ரேக்கு நல்ல மணம் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று போத்தலில் எழுதவில்லை. காய்ந்தபின் எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் தெரிவதுபோல ஒரு வானவில் படலம் விட்டது. அதைப் போக்க இன்னொருமுறை துடைக்கவேண்டியிருந்தது. யன்னல் கண்ணாடி துடைக்கும் திரவங்களையும் கிட்ட எடுக்கவேண்டாம். சிலவற்றிலுள்ள அமோனியா, திரையின் மேற்பூச்சை அரித்துவிடும்.

அப்படியானால் எந்தத் தண்ணீர்? ஒரு கண்ணாடித் துண்டில் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டு, போத்தல் குடிநீர் ஒரு சொட்டு, வாகனத்துக்கு ஊற்றும் பற்றரித் தண்ணீர் ஒரு சொட்டு வைத்து வெயிலில் காயவிட்டேன். கரையோரக் கிணற்றின் சவர்த் தண்ணீர் வெள்ளை வளையம் போட்டது. குடிநீர் மெல்லிய தடம் விட்டது. பற்றரித் தண்ணீர் இருந்த இடமே தெரியவில்லை. அதில் கனிமங்களை நீக்கிவிடுகிறார்கள். இந்த ஊருக்கு இதைவிட மலிவான நல்ல ‘கிளீனர்’ இல்லை என்பேன். கடையில் கேட்கும்போது மட்டும் தெளிவாகக் கேளுங்கள், பக்கத்துப் போத்தலில் இருப்பது பற்றரி அசிட்.

பற்றரித் தண்ணீருக்கு மசியாத எண்ணெய்ப் பசைக்கு 70 வீத ஐசோபுரொப்பைல் அற்ககோல் சில துளிகள் போதும். கொவிட் பரவிக்கொண்டிருந்த 2020 மார்ச்சில் அப்பிள் நிறுவனமே தன் சாதனங்களுக்கு அந்தச் செறிவில் ஊறிய துடைப்பான்களை அனுமதித்தது. ஆனாலும் உங்கள் திரையைச் செய்தவர் அற்ககோலுக்குச் சம்மதிக்கிறாரா என்று கையேட்டில் பாருங்கள். பாமசியில் கேட்டால் ‘சேர்ஜிக்கல் ஸ்பிரிட்’ தருவார்கள். பிரித்தானிய மருந்துநூல் முறைப்படி செய்த ஸ்பிரிட்டில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும். எண்ணெயைப் போக்க எண்ணெய் பூசுவதில் என்ன பிரயோசனம்?

துணிக்கு வருவோம். மூக்குக்கண்ணாடியுடன் வரும் துணி தரமானது, ஆனால் உள்ளங்கை அளவு. 15 அங்குலத் திரைக்குக் காணாது. கார் துடைக்கும் மைக்ரோபைபர் துணி புதிதாக இரண்டு வாங்குங்கள், ஒன்று ஈரத்துக்கு, மற்றது உலர்த்த. ரிசுவும் பழைய பெனியனும் வேண்டாம். அப்பிள் 2021இல் தன் துணிக்கு 19 டொலர் விலை வைத்தது. அந்தக் காசுக்கு இங்கே ஒரு கந்தோருக்கே துணி வாங்கலாம்.

துடைக்குமுன் லப்டொப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, சூடு ஆறவிடுங்கள். தண்ணீரைத் திரையில் நேரே தெளிக்கக் கூடாது, துணியில்தான் தெளிக்கவேண்டும். பிழிந்தால் ஒரு சொட்டும் விழாத ஈரம் போதும். திரையில் வழியும் நீர் கீழ் விளிம்புக்குள் இறங்கும்; பல லப்டொப்புகளில் திரையை இயக்கும் மின்சுற்று அங்கேதான் இருக்கிறது. கரைந்த உப்பும் அதோடு இறங்கினால் செம்பு அரிக்கத் தொடங்கும். மறுகையால் மூடியைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டு, மேலிருந்து கீழாக அழுத்தாமல் இழுங்கள். நன்றாகக் காய்ந்தபிறகே மின்சாரம் கொடுங்கள்.

வாடைக்காலத்தில் வாரம் ஒருமுறை துடைத்தால் போதும். கச்சானில் ஈரத்துணிக்கு வேலை குறைவு, தூரிகைக்குத்தான் கூட. துணியைச் சவர்க்காரம் போட்டு அலசி, கடைசி அலசலைப் பற்றரித் தண்ணீரில் முடியுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் போட்டால் நூலில் படலம் ஏறும், பிறகு அழுக்கை எடுக்காது. காயப்போடுவது முற்றத்துக் கொடியில் வேண்டாம், வீட்டுக்குள் ஃபானுக்குக் கீழே.